விரல் தெரியவில்லை

மூக்குக்குக் குரல் மட்டும் தேன். அதுதான் மேகலாவுக்கு ஆகவே ஆகாது.

"மேகலா தேசப்பன் குடும்பம்," என்றது, மணலில் பாதி புதைந்து கிடந்த ஷாம்பு பாக்கெட்டை மோந்து. ஓர் அடி தள்ளி இன்னொன்று. "மேகலா தேசப்பன் குடும்பம்." அதற்கடுத்து ஒரு தண்ணீர் பாக்கெட், நண்டு ஓட்டை போட்டது. "மேகலா தேசப்பன் குடும்பம்." கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்திய பெண் மாதிரி ஒவ்வொரு தடவையும் அதே மரியாதை, அதே சிரிப்பு.

"தெரியும்டி. மூடு வாயை," என்று மேகலா குனிந்து பொறுக்கி மூட்டையில் போட்டாள்.

மூக்கு என்பது குப்பத்து ஜனங்கள் வைத்த பெயர். அரசாங்கம் நீளமாக ஏதோ வைத்திருந்தது, அது யார் வாயிலும் நுழையவில்லை. டார்ச் லைட் அளவுக் கருவி. எந்தப் பிளாஸ்டிக்கின் பக்கத்தில் கொண்டுபோனாலும் அதை வாங்கினது யார் என்று சொல்லிவிடும். எல்லாப் பிளாஸ்டிக்கிலும் இப்போது ஒரு மையைக் கலக்கிறார்கள். கடையில் வாங்குகிறவர் பலகையில் விரல் வைத்ததும் அவர் பெயர் அந்த மையில் ஏறிவிடும். அப்புறம் கிழித்தாலும் நசுக்கினாலும் கால்வாயில் எறிந்தாலும் பெயர் போகாது. அந்தக் குப்பை கரைக்கு வந்தால், பெயருக்குரிய குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வந்து பொறுக்க வேண்டும். குடும்பத்தோடு. வெறுங்கையால். கையுறை போட்டால் புத்தி உறைக்காது என்று சட்டம் எழுதினவர்கள் நினைத்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கரையில் குனிந்து மேகலா பார்த்ததில்லை.

பொறுக்கி முடித்த குடும்பம் பச்சை. முடிக்காதது சிவப்பு. சிவப்புக் குடும்பத்து ஆள் வெளியூர் வேலைக்குப் போக முடியாது. பஸ் கதவே திறக்காது. ஆளாளுக்குக் கிளம்பிவிட்டால் யார் பொறுக்குவது?

மேகலா குடும்பம் ஆடியிலிருந்து சிவப்பு. இப்போது பொங்கலும் போய்விட்டது.

இன்றைக்குப் பச்சை ஆகியே தீர வேண்டும். மகள் ரோஷிணிக்குத் தெற்கே ஒரு புதுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது. குப்பத்து ஆட்கள் கிரேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி. இவள் அதன் உச்சியில் உட்காரப் போகிறாள். நாளைக் காலை அங்கே போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் பஸ். அவள் பை, கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் தயாராக இருந்தது. அதனால்தான் இந்த வாரம் முழுக்க மேகலா பெட்டிக்கடையைச் சாத்திவிட்டு, ஞாயிறு என்று பார்க்காமல் தினமும் கரையிலேயே கிடந்தாள்.

"மா, நானும் பொறுக்கறேன். ரெண்டு கை கூட ஆச்சுன்னா சீக்கிரம் முடியும்ல," என்றாள் ரோஷிணி.

"நீ மூக்கைப் புடிச்சா போதும். இந்த உப்பும் கண்ணாடியும் உன் விரலைத் தின்னுட்டா, அங்க வேலைல சேர்றப்ப இன்னாத்த வெப்ப?"

"சித்தப்பா மட்டும் சும்மா குந்தினு கீறாரு."

சித்தப்பா கஜபதி, தேசப்பனின் தம்பி, மூட்டை மேல் உட்கார்ந்து முதுகை நீவிக்கொண்டிருந்தான். "சும்மா இல்ல பாப்பா. மூட்டை காத்துல பறக்காம புடிச்சினு கீறேன்."

"கல்லு வெச்சா கூட புடிக்கும்," என்றாள் மேகலா. "கல்லு சோறு கேக்காது."

தேசப்பன் அலைத்தடுப்புக்குப் போட்ட கருங்கற்களின் இடுக்கில் கையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். இருபது வயதிலிருந்து வலை இழுத்த கை. தடித்துப் போய், இடுக்கில் மணிக்கட்டு வரைகூட நுழையவில்லை.

"நகரு," என்று மேகலா அவனைத் தள்ளிவிட்டு மண்டியிட்டாள். "இந்தக் கைய வெச்சினு தூணைத்தான் கட்டிப் புடிக்கலாம்."

"கல்லு சொரசொரன்னு கீதும்மே. பாத்து."

அவள் தோள்வரை கையை நுழைத்தாள். சிப்பி ஒட்டிய கல் அரம் மாதிரி தோலை வழித்தது. உள்ளே நைலான் கயிறும் பாக்கெட்டுகளும் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடந்தன. நுனி விரலால் நோண்டி நோண்டி ஒரு பிடி வெளியே எடுத்தாள். ரோஷிணி மூக்கை நீட்டினாள். அது எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சொன்னது.

வெயில் ஏறியதும் கண்காணிப்பாளர் சரண்ராஜ் வந்தார். எலுமிச்சை நிறச் சட்டை, கழுத்தில் தொங்குகிற கைப்பலகை. இந்தக் கரைக்கு இவர்தான் பச்சை போடுகிறவர். கெட்ட மனுஷர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளைக் கடற்கரையில் கழித்துக் கழித்து முகம் கருத்துப் போன இளவயதுக்காரர்.

"என்னம்மா, இன்னிக்காவது முடிஞ்சிடுமா?"

"கடலைக் கேளு சார். நான் பொறுக்கினுதான் கீறேன். அது போட்டுனே கீது."

சரண்ராஜ் மூட்டைக்குள் எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டுல நாலு பேரு. நாலு தலைக்கு இவ்வளவு ஷாம்பு எதுக்கும்மா? தலையா, தோட்டமா?"

"அதுலயும் என்னை எண்ணாதீங்க சார்," என்று கஜபதி தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைக் காட்டினான்.

"மொத நாளே சொன்னேன் சார்," என்றாள் மேகலா. "கை என்து. குப்பை என்து இல்ல."

அது நிஜம். சொல்லித்தான் பார்த்தாள், யாரும் காது கொடுக்கவில்லை. சட்டம் வந்த புதிதில் அவள் பெட்டிக்கடையிலும் ஒரு விரல் பலகையைப் பொருத்திவிட்டுப் போனார்கள். முதல் நாளே வினை. மீன் வெட்டுகிற கோமளா பால் பாக்கெட் வாங்க வந்து விரல் வைத்தாள். விரல் தெரியவில்லை என்றது பலகை. துடைத்து வைத்தாள். தெரியவில்லை. காலையிலிருந்து ஐஸுக்குள் கிடந்து, செதில் சுரண்டி, கத்திப்பிடியில் தேய்ந்த விரல். வெந்நீரில் போட்ட தக்காளித் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது. அதில் ரேகை எங்கே இருக்கிறது, பலகை படிக்க? அடுத்து வந்தவன் வலை இழுக்கிறவன். அதற்கடுத்தவள் ஐஸ் கம்பெனியில் கட்டி சுமக்கிறவள். குப்பத்தில் உழைக்கிற கை எதுவுமே பலகைக்குத் தெரியவில்லை. கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கிற மேகலாவின் கை ஒன்றுதான் கோடு கோடாகத் தெளிவாக இருந்தது. பின்னால் கூட்டம் சேர்ந்தது, பால் வெயிலில் கிடந்தது, பலகை திரும்பத் திரும்ப ஒரே பாட்டைப் பாடியது. "அட நகருங்கடி," என்று கத்திவிட்டு மேகலா தன் கட்டை விரலை வைத்தாள். தர்மம் செய்கிற நினைப்பெல்லாம் அவளுக்கு இல்லை. எரிச்சலில் வைத்தாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள்தான் வைத்தாள்.

"ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் கை வைக்கலாமா?" என்றார் சரண்ராஜ். "யாரோ போட்டதுக்கு நீங்க மாட்டுவீங்கன்னு தெரியாதா?"

"மாட்டிக்கினுதான சார் குனிஞ்சினு கீறேன்."

"சரி, போடறவங்க தொட்டில போட வேண்டியதுதானே? கால்வாய்ல ஏன் எறியறாங்க?"

"தொட்டி மூடி எப்டி சார் தொறக்கும்?"

சரண்ராஜ் யோசித்தார். விரல் வைத்தால் திறக்கும்.

"பின்னால பத்து பேரு நிக்கறாங்க," என்றாள் மேகலா. "முன்னால ஒருத்தி இடுப்புல புள்ளைய வெச்சினு பாலு கேக்கறா. அந்தச் சனியன் தெரியல தெரியலன்னுது. நீயா இருந்தா இன்னா சார் பண்ணுவ?"

"நான் வைக்க மாட்டேன்."

"வெக்காத சார். நல்லா இருப்ப."

அவர் போன் அடித்தது. தள்ளிப் போய்ப் பேசினார். காற்று அவர் பேச்சை இந்தப் பக்கமே கொண்டுவந்து போட்டது. "வந்துடுவேன்... ஆசாரியை உட்காரச் சொல்லு... ஞாயித்துக்கிழமை வேணாம்னு அப்பவே சொன்னேன்ல... உங்கப்பா கோவிச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

"கொயந்தைக்குக் காது குத்து போல," என்றான் கஜபதி. "பாவம், இவருக்கும் ஞாயித்துக்கெயம நம்மளோடதான்."

கரையைப் பிரித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்த கேசவன் குடும்பம். அவர்கள் பெயரில் கரைக்கு வந்தது கைப்பிடிக்கும் காணாது. மடக்கு நாற்காலி, குடை, பழம் வெட்டிப் போட்ட டப்பா. பிள்ளைகள் குப்பையைத் தேடியபோது அம்மாக்காரி படம் எடுத்தாள். மேகலாவின் மூட்டைகளைப் பார்த்து அவளுக்கு மனசு தாங்கவில்லை.

"நாங்க எல்லாத்தையும் கண்ணாடி ஜாடில நிரப்பித்தான் வாங்கறோம்மா. அந்த மையே நமக்கு வராது. நீங்களும் அப்படிப் பண்ணலாமே?"

"பண்ணலாம்மா," என்றாள் மேகலா. "அன்னன்னிக்கு வாங்கறவங்களுக்கு ஒரு வேளை எண்ணெய் ஊத்தற ஜாடி கீதான்னு விசாரிச்சுச் சொல்லு."

கோமளா மீன் கூடையோடு கரையோரமாகவே வந்தாள். நின்றாள். கூடையை இறக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏ மேகலா, இன்னும் எத்தினி நாளு கடைய சாத்தி வெப்ப? பேரப்புள்ளைக்குப் பாலு வாங்க மெயின் ரோட்டுக்குப் போனா, கை தெரியல போன்னு நாய் மாறி வெரட்டறான்."

"உன் பேரன் குடிச்ச பாலு பாக்கெட்டைத்தான்டி பொறுக்கினு கீறேன். இந்தா பாரு."

கோமளாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகினாள். "நவுரு. நான் பொறுக்கறேன்."

"தொடாத!" தூரத்திலிருந்து சரண்ராஜ் கத்தினார். "வேற குடும்பத்து ஆள் தொட்டா பச்சை கிடையாது!"

"நாங்க தின்னது, நாங்க தொடக் கூடாதாம்," என்றாள் கோமளா. கூடையைத் தலையில் ஏற்றும்போது சட்டம் எழுதியவரின் பரம்பரைக்கே சாபம் விட்டாள். கேசவன் வீட்டு அம்மாள் பிள்ளைகளின் காதைப் பொத்தினாள்.

மத்தியானம் தாண்டியது. கல்லிடுக்கு முடிந்தது. படகுத்துறைச் சரிவு முடிந்தது. ரோஷிணி மூக்கை நீட்டிக்கொண்டே நடந்தாள். அது சொல்கிற இடைவெளி நீண்டுகொண்டே போனது. மேகலாவின் பத்து விரல் நுனிகளும் எரிந்தன, அப்புறம் எரிச்சலும் நின்று மரத்துப் போயின. மூட்டை கட்டும்போது கயிறு கையில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

எல்லாம் முடிகிற நேரத்தில்தான் கஜபதி பன் சாப்பிட்டான்.

மடியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறான். கடையைச் சாத்துவதற்கு முன்னால் அண்ணி கடையிலேயே எடுத்தது. பல்லால் கவரைக் கிழித்தான், பன்னை வாயில் வைத்தான், காற்று கவரை வாங்கிக்கொண்டது.

"யோவ்!" என்று ரோஷிணி அலறினாள்.

கவர் மணலில் உருண்டது, எழுந்தது, கேசவன் குடும்பத்துக் குடையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. மேகலா ஓடினாள். புடவை காலைத் தடுக்கியது. கஜபதி வாயில் பன்னோடு ஓடினான். ரோஷிணி மூக்கை நீட்டியபடி பின்னால் ஓட, அது கிட்டே போகும்போதெல்லாம் தேன் குரலில் "மேகலா தேசப்பன் குடும்பம்" என்று கூவிற்று. கேசவன் வீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். கவர் ஈர மணலைத் தொட்டது. ஓர் அலை வந்து அதை எடுத்துக்கொண்டு திரும்பியது.

கடலுக்குள் போனால் நாளை வரும், நாளன்னைக்கு வரும். எந்தக் கரையில் வந்தாலும் மேகலா பேரில் வரும்.

தேசப்பன் ஓடவே இல்லை. அதுவரை அலையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் கவர் போன திசையிலேயே போகாமல் சற்று வடக்கே தள்ளி இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காத்திருந்தான். இழுப்பு கவரை அவன் கைக்கே கொண்டுவந்து கொடுத்தது. ஈரம் சொட்டச் சொட்ட வந்து மூட்டையில் போட்டான். தம்பியைப் பார்த்தான்.

"பன்னு எப்டிடா கீது?"

கஜபதி மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான்.

"துப்பித் தொலைக்காத," என்றாள் மேகலா. "அதுக்கும் யார் பேராச்சும் சொல்லும்."

சரண்ராஜ் தன்னுடைய மூக்கை எடுத்துக்கொண்டு வந்தார். இது கடைசிச் சோதனை. கயிறு தொடங்கி கயிறு முடிய அவர் நடப்பார். பெயர் வந்தால் சிவப்பு, வராவிட்டால் பச்சை. குடும்பம் வரிசையாக நின்றது. அவர் நடந்தார். மூக்கு வாயைத் திறக்கவில்லை. ஆடிக்குப் பிறகு இன்றைக்குத்தான் மேகலா அலைச்சத்தத்தை அலைச்சத்தமாகவே கேட்டாள். கற்கள் தாண்டியாயிற்று. சரிவு தாண்டியாயிற்று. கடைசிக் கயிற்றுக்குப் பக்கத்தில் "குடும்பம்" என்று ஒரு குரல் வந்தது. ரோஷிணி அம்மாவின் தோளை நகம் பதியப் பிடித்தாள்.

"கேசவன் குடும்பம்," என்று மூக்கு இரண்டாம் தடவை தெளிவாகச் சொன்னது. பழ டப்பாவின் மூடி.

கேசவன் வீட்டு அம்மாள் வெட்கத்தோடு வந்து எடுத்துக்கொண்டு போனாள். கஜபதி அவளுக்குக் கும்பிடு போட்டான்.

"முடிஞ்சதும்மா," என்றார் சரண்ராஜ். அவர் முகத்திலும் நிம்மதி. கைப்பலகையை நீட்டினார். "யார் பேர்ல குப்பையோ அவங்க விரல் வெச்சா பச்சை. வைங்க."

மேகலா கட்டை விரலை வைத்தாள்.

"மன்னிக்கவும். விரல் தெரியவில்லை."

புடவையில் துடைத்து வைத்தாள். தெரியவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தாள். தெரியவில்லை. சரண்ராஜ் பலகையைச் சட்டையில் துடைத்தார். "அழுத்தாம, லேசா வைங்க." தெரியவில்லை. இடது கை. தெரியவில்லை.

மேகலா விரலைத் திருப்பி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கல்லும் கயிறும் உப்பும் சேர்ந்து அதை வழித்து எடுத்திருந்தன. சிவந்து, மினுமினுத்து, கோமளாவின் விரல் மாதிரியே இருந்தது.

"தலையில தேய்ச்சு வைம்மா," என்றான் கஜபதி. "எண்ணெய் பட்டா எடுக்கும்."

அது அவள் சொல்கிற யோசனை. கடையில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தியிடமும் முதலில் அதைத்தான் சொல்வாள். ஒருத்திக்கும் பலித்ததில்லை. ஆனாலும் தலையில் தேய்த்து வைத்தாள்.

"மன்னிக்கவும்," என்றது பலகை.

"இன்னாத்துக்குடி மன்னிக்கறது?" என்று பலகையைப் பார்த்துக் கத்தினாள் மேகலா. "சார், என் மூஞ்சியப் பாரு. ஆடிலேர்ந்து பாக்கறியே. நான்தான நானு?"

"எனக்குத் தெரியுதும்மா. இதுக்குத் தெரியணுமே. சட்டத்துல விரல்னுதான் இருக்கு."

"எங்க வூட்டுக்காரர் வெக்கட்டும்."

"அவர் கை ஆகாதுன்னுதானே குடும்பத்தையே உங்க பேர்ல எழுதினாங்க."

"நான் வெக்கறேன்," என்றாள் ரோஷிணி.

"உனக்காகத்தானே பச்சை. நீ வைக்கக் கூடாது." சரண்ராஜ் நெற்றியைத் தேய்த்தார். "தலைமை ஆபீஸ்ல கண் பாக்கற மிஷின் இருக்கு. அங்க போய்க் காட்டினா கை இல்லாமலே முடிச்சிடலாம்."

"இப்பவே போலாம் வா சார்."

"ஞாயித்துக்கிழமை பூட்டு. நாளைக்குத்தான்."

நாளைக்கு அந்தக் கிரேனில் வேறு யாரோ ஏறிக்கொண்டிருப்பார்கள். ரோஷிணி மூக்கைக் கீழே வைத்தாள். அழுகிற பெண் இல்லை அவள்.

"ஊருக்கெல்லாம் கை வெச்சியேமா. எனக்குன்னு வர்றப்ப உனுக்குக் கையே இல்ல."

எந்த வாய்க்கும் எதிர்வாய் கொடுக்கிற மேகலா குனிந்து, ஏற்கெனவே கட்டின மூட்டைக் கயிற்றை மறுபடியும் இறுக்கினாள். தேசப்பன் மகளின் பையைப் போய் எடுத்தான். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான்.

சரண்ராஜின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். இந்தத் தடவை எதிர்முனையில் கத்தல் இல்லை. ஏதோ ஒன்று மெதுவாகச் சொல்லப்பட்டது. "நல்ல நேரம் போகுதா? சரி... சரி." வைத்தார். பின்னால் திரும்பினார். அடுத்த சோதனைக்குக் கேசவன் குடும்பம் நாற்காலியை மடக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு குடும்பம், அதற்குப் பின்னால் தூங்கி விழுகிற பிள்ளையோடு இன்னொன்று. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் சார் லேட்?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"மன்னிக்கவும்," என்றது பலகை, யாரும் தொடாமலே. "விரல் தெரியவில்லை."

"அட ச்சே!" என்றார் சரண்ராஜ். பலகையைப் பிடுங்கி, கண்காணிப்பாளருக்கு மட்டும் திறக்கிற கட்டம் ஒன்றை இரண்டு தட்டு தட்டி, தன் கட்டை விரலை அதன் மேல் வைத்து அமுக்கினார்.

"மேகலா தேசப்பன் குடும்பம். பச்சை," என்றது பலகை. "பொறுப்பேற்பவர், சரண்ராஜ் குடும்பம். நன்றி."

"சார்," என்றாள் மேகலா. "வெக்க மாட்டேன்னியே."

"பின்ன என்னம்மா பண்ணச் சொல்றீங்க? பின்னால கூட்டம் நிக்குது. வீட்டுல ஆசாரி நிக்கறான். இது வேற பாடுது." அவருக்கே தன் மேல் கோபம். "கேளுங்க. நாளைக்குக் காலைல முதல் வேலையா ஆபீஸுக்குப் போய்க் கண்ணைக் காட்டிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் உங்க பேர்ல வர்றதெல்லாம் என் பேர்ல வரும். புரிஞ்சுதா? நாளைக்கே."

"போறேன் சார்."

"வரிசை இருக்கும். கோயில் வரிசை மாதிரி இருக்கும். திரும்பி வந்துடாதீங்க."

"வரமாட்டேன் சார். நீ போ. கொயந்தைய பாரு."

அவர் கேசவன் குடும்பத்தைப் பார்த்து "வாங்க வாங்க" என்று எரிந்து விழுந்தார்.

பஸ் நிறுத்தத்தில் அதிகம் பேச நேரம் இல்லை. கஜபதி வழிக்கு என்று ஒரு பன் வாங்கிக் கொடுத்தான். ரோஷிணி கவரைப் பிரித்து அவன் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டுப் பன்னை மட்டும் எடுத்துக்கொண்டாள். தேசப்பன் பையை ஏற்றினான். பஸ் கதவில் அவள் விரல் வைத்ததும் முதல் தடவையிலேயே திறந்தது. ஏறினவள் மறுபடி இறங்கிவந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, விரல்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினாள். மேகலாவுக்கு அது சரியாக உறைக்கவில்லை. விரல் இன்னும் மரத்தே இருந்தது.

"தேங்கா எண்ணெ தடவுமா."

"உன் விரலைப் பத்திரமா வெச்சுக்கோடி. குழாயடி சண்டைக்கெல்லாம் போவாத."

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். கடைக் கதவின் முன்னால் கோமளா பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ராத்திரிக் கடலுக்குப் போகிற இரண்டு பேர் தண்ணீர் பாக்கெட்டுக்கு. அவர்களுக்குப் பின்னால் ஐஸ் கம்பெனிப் பெண், சோப்புக்கு. பொண்ணு போயிடுச்சா என்று ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். போயிடுச்சு என்று சொல்லிக்கொண்டே மேகலா கதவைத் தள்ளினாள். கோமளா சொல்லியனுப்பியதால் பால்காரன் சாயங்காலத்து டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"ஒரு பாலு," என்றாள் கோமளா. பிள்ளை சிணுங்கிற்று.

மேகலா பாக்கெட்டைப் பலகை மேல் வைத்தாள். பழக்கத்தில் கட்டை விரலையும் வைத்தாள்.

"மன்னிக்கவும். விரல் தெரியவில்லை."

கோமளா அவள் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அடிப்பாவி. உன்துமா போச்சு? இனிமே யாருடி வெப்பா?"

பலகை ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி விளக்கை மினுக்கிற்று. பிறகு, இதுவரை அந்தக் கடையில் சொல்லாத ஒன்றைச் சொன்னது.

"உங்கள் குடும்பத்துக்குப் பொறுப்பேற்பவர், சரண்ராஜ் குடும்பம். அவர் பெயரில் எழுதவா?"

கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை. அதை அமுக்க ரேகை வேண்டாம். எந்த விரலும் போதும்.

மேகலா இல்லையைப் பார்த்தாள். நாளைக்கு ஆபீஸ். கோயில் வரிசை. கடையை யார் பார்ப்பது? கஜபதியா? போனால் கண்ணைக் காட்டலாம். காட்டினால் எல்லாம் மறுபடியும் அவள் பேரில் வரும், அவள் சிவப்பாவாள், ரோஷிணி கிரேனை விட்டுவிட்டு இறங்கி வர வேண்டும். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பச்சை போட்ட விரல் அது.

"இன்னாடி யோசிக்கற? புள்ள அழுவுது," என்றாள் கோமளா.

"சீக்கிரம்கா," என்றான் பின்னால் நின்றவன். "படகு போயிடும்."

பிள்ளை வீல் என்று கத்திற்று.

"அட இருங்கடா!" என்று மேகலா கத்திவிட்டு ஆம் என்பதை அமுக்கினாள்.

பால் பாக்கெட்டை எடுத்துக் கோமளா கையில் திணித்தாள். தண்ணீர் பாக்கெட்டுகளை வைத்தாள், அமுக்கினாள். சோப்பை வைத்தாள், அமுக்கினாள். விரல் எரிந்தது. மரத்தது தெளிந்து வந்தது போல.

"யாருடி அது சரண்ராஜு?" என்று கேட்டாள் கோமளா, பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"நம்ம கரையில நிப்பாரே, எலுமிச்ச சட்டை."

"அய்யோ. அவரா? குடும்பத்தோட வரணுமே."

"வருவாங்க," என்றாள் மேகலா. அடுத்த பாக்கெட்டை எடுத்து வைத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு பேருக்குச் சேர்த்து அரிசி போட வேண்டும். காது குத்தின பிள்ளையைக் கடல் காற்றில் கூட்டிக்கொண்டு வருவார்கள், பழுத்துவிடும். ஒரு குடையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.